வந்தவர்: ஒருவர்

மேடை என்று சொல்ல இங்கே எதுவும் இல்லை. ஒரு மேசை, அதன் பின்னால் மூன்று நாற்காலிகள். அவற்றில் ஒன்றில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் லிஃப்ட்காரரின் தங்கை அவர்களே, கீழே நகல் கடை நடத்தும், இந்த அறைக்குச் சொந்தக்காரரான ஐயா அவர்களே, வியாழக்கிழமை வட்டத்தின் பழைய உறுப்பினர்களே, அவர் பழுதுபார்த்த லிஃப்டில் ஏறி இறங்கியதைத் தவிர வேறு உறவில்லாமலே வந்திருக்கும் அன்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இன்று இந்த அறையில் நாற்பது பேருக்கு மேல் இருக்கிறீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் இங்கே இத்தனை பேரை நான் பார்த்ததில்லை. அவர் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்? மகிழ்ந்திருக்க மாட்டார். நாற்காலி போதாதே என்று கீழே ஓடியிருப்பார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வட்டத்தின் உறுப்பினர் அல்ல. பல்கலைக்கழகத்தில் மேலைச் சிந்தனையின் வரலாறு நடத்துகிறேன். மறைஞானத்தைப் படித்தவளே தவிர நம்பியவள் அல்ல. இன்றும் நம்பவில்லை. அது அவருக்குத் தெரியும். அதோ அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அவரை மறுத்துப் பேசுவதற்காகவே மாதம் ஒரு முறை வந்துகொண்டிருந்தேன். அப்படிப்பட்டவளை ஏன் பேச அழைத்தார்கள் என்று நீங்கள் யோசிக்கலாம். யாரும் அழைக்கவில்லை. அவர் சொல்லிவிட்டுப் போனார்.

அவரை நான் முதன்முதலில் சந்தித்தபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பல்கலைக்கழக நூலக லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே நான் மட்டும். விளக்கும் அணைந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்துக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"உள்ள எத்தன பேரு?"

"ஒருத்தர்தான்."

"பயமா இருக்கா?"

"இல்ல."

"எனக்குக் கொஞ்சம் இருக்கு. பேசிக்கிட்டே இருங்க. கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"புத்தகம்."

"எதப் பத்தி?"

பேச்சை முடித்துவைக்கும் எண்ணத்தில், மனிதருடைய ஆன்மா மேலே இருந்து விழுந்து இந்த உடம்புக்குள் மாட்டிக்கொண்டது என்று நம்பிய ஒரு பழைய கூட்டத்தைப் பற்றி என்றேன். ஸ்பேனர் சத்தம் நின்றது.

"ஏழு கோள் வழியா இறங்கி வந்துச்சே, அதுவா? ஒவ்வொரு கோளும் ஒரு சுமைய ஏத்திவிடும். ஒண்ணு கோபம், ஒண்ணு பேராச. திரும்பிப் போறப்ப ஒவ்வொண்ணா எறக்கி வெச்சிட்டுப் போகணும். சரிதானுங்களே?"

சரிதான். என் முதுகலை மாணவர்களில் பாதிப் பேருக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது. நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. முழங்கைவரை கிரீஸ் அப்பிய ஒரு மெலிந்த மனிதர் முழங்காலிட்டு என்னைக் குனிந்து பார்த்தார். "நீங்க விழல டீச்சர். நடுவுல நின்னுட்டீங்க, அவ்வளவுதான்" என்றார். பேராசிரியர் என்று நான் எத்தனை முறை திருத்தினாலும் கடைசிவரை டீச்சர்தான்.

வந்திருப்பவர்களில் பலருக்கு இந்த வட்டம் என்ன செய்தது என்று தெரியாது. உலக ரகசியம், பேய் பிசாசு, கண்ணாடியில் முகம் பார்ப்பது என்றெல்லாம் தெருவில் பேச்சு உண்டு. நகல் கடை ஐயாவே, அவர் குறிப்புகளை நகலெடுக்கப் போகும்போதெல்லாம், "உலக ரகசியம் ஒரு பக்கம் அடிக்கவா, ரெண்டு பக்கமும் அடிக்கவா?" என்று கேட்பார். ஆனால் இங்கே நடந்தது படிப்பு. மேலை நாடுகளில் திருச்சபைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வெளியே, ஓரமாக ஓடிவந்த ஒரு சிந்தனையைப் பற்றிய படிப்பு. எல்லாம் ஒன்றிலிருந்து வழிந்து வந்தது, மனிதருக்குள் அந்த ஒன்றின் பொறி இருக்கிறது, அது தன்னை மறந்து கிடக்கிறது, அறிவுதான் அதை எழுப்பும் என்கிறது அந்தச் சிந்தனை. வானத்தில் நடப்பதும் உடம்பில் நடப்பதும் ஒரே எழுத்தின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் என்கிறது. தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கப் பார்த்தவர்களில் சிலர், உலையில் மாறுவது உலோகமா தாங்களா என்று கேட்கத் தொடங்கியதும் இந்த மரபில்தான்.

இதையெல்லாம் அவர் தன் தொழிலிலிருந்து விளக்குவார். "லிஃப்ட் மேல போறப்ப, பின்னாடி ஒரு எடக்கல் கீழ எறங்குது. உள்ள இருக்கறவங்க யாரும் அதப் பாத்ததில்ல. அது இல்லன்னா ஒரு மாடி ஏற முடியாது." அவ்வளவுதான் விளக்கம். நான் அதை எதிர்த்து ஒரு மணி நேரம் பேசுவேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு, "டீ ஆறிடுச்சு டீச்சர்" என்பார்.

ஒரு முறை அவரைக் காயப்படுத்தவென்றே வந்தேன். அதை இன்று ஒப்புக்கொள்கிறேன். இந்த மரபின் மூல நூல்கள், ஹெர்மீஸ் என்ற தெய்வ முனிவரின் பெயரால் வழங்குபவை, மனித குலத்தின் ஆதி ஞானம் என்று நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்டவை. இத்தாலியில் ஒரு பெருந்தனக்காரர், கிடைப்பதற்கரிய தத்துவ நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அறிஞரிடம், அதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைச் செய், சாவதற்குள் படிக்க வேண்டும் என்றாராம். ஆனால் 1614இல் ஒரு மொழி அறிஞர் அவற்றின் கிரேக்கத்தை ஆராய்ந்து, இவை ஆதியும் அல்ல, எகிப்தின் பழைய ஞானமும் அல்ல, கிறிஸ்துவுக்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் யாரோ எழுதியவை என்று காட்டிவிட்டார். அடித்தளமே ஆட்டம் கண்டது. அதே 1614இல்தான் வேறொரு நாட்டில், எழுதியவர் பெயரில்லாத ஒரு சிறு பிரசுரம் வெளிவந்தது. உலகை மாற்றப்போகும் ஒரு ரகசியச் சகோதர சபை இருக்கிறது, தகுதியானவர்கள் எழுதலாம் என்றது. ஐரோப்பா முழுவதிலுமிருந்து பலர் எழுதினார்கள். பதில் வந்ததற்குச் சான்று இல்லை. அப்படி ஒரு சபை இருந்ததற்கே சான்று இல்லை.

இதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். எல்லாம் பொய்யா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் வேறொன்றைக் கேட்டார்.

"அப்ப அந்த ஹெர்மீஸ் நூல எழுதின ஆளு, தன் பேரப் போடலியா?"

"இல்ல. தெய்வத்தோட பேரப் போட்டுட்டாரு."

"பாவம். தன் பேருல எழுதினா கேக்கறதுக்கு ஒரு ஆள் கூட இல்ல போலிருக்கு."

பதினெட்டு ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்திய எனக்கு, அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியதே இல்லை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

இந்த வட்டத்தில் மூன்று படிகள் உண்டு. முதல் இரண்டு படிப்பால் வருபவை. மூன்றாவது படி, வாயிலிருந்து காதுக்கு மட்டும் வருவது. அதைப் பெற்றவர் மட்டுமே அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் உள்ளறைக்குப் போகலாம். நம்மில் மூன்றாம் படி பெற்றவர் அவர் ஒருவரே என்று எல்லோரும் அறிவோம். வியாழன்தோறும் கூட்டம் முடிந்ததும் அவர் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம்.

நண்பர்களே, அவர் மூன்றாம் படி பெறவில்லை.

தயவுசெய்து உட்காருங்கள். முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முன்பு இந்த வட்டத்தை நடத்தியவர் கடிகாரம் பழுதுபார்த்துவந்த ஓர் அம்மையார். அடுத்த வியாழன் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். செவ்வாயன்று பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு வியாழனும் அவருடைய படுக்கை அருகே போய் உட்கார்ந்தார் நம் லிஃப்ட்காரர். அம்மையார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைப்பார். சத்தம் வராது. அப்படியே இறந்துபோனார். அடுத்த வியாழன் இவர் வந்து அறையைத் திறந்தார். எல்லோரும் அவர் பெற்றுக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அவர் ஏமாற்றினாரா? இல்லை. ஒருமுறை உண்மையைச் சொன்னார். அதைக் கேட்டவர் இப்போது கதவருகே நின்றுகொண்டிருக்கிறார். மருந்துக்கடை ஐயா, நீங்கள் வந்ததற்கு நன்றி. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் படிக்கட்டில் ஏறியிருக்கிறீர்கள். ஒன்பது ஆண்டு படித்துவிட்டு மூன்றாம் படி கேட்டீர்கள். அவர் உங்களிடம், "எங்கிட்ட குடுக்கறதுக்கு எதுவும் இல்லப்பா" என்றார். அன்று நானும் அந்த ஜன்னலோரத்தில் இருந்தேன். நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. "மூணாம் படி கெடச்சவங்க எல்லாம் இப்படித்தான் சொல்வாங்கன்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க. நேரா எனக்குத் தகுதி இல்லன்னு சொல்லிடுங்கண்ணே." உங்களோடு ஆறு பேர் இறங்கிப்போனார்கள்.

உங்கள் மீது குற்றமில்லை. வைத்திருப்பவர் இல்லை என்பார் என்று நம்பும் இடத்தில், இல்லாதவர் இல்லை என்று சொல்லி என்ன பயன்? வேறெந்த ஊரில், வேறெந்தத் தொழிலில், ஒருவர் தன்னிடம் இல்லை என்று சொன்னதற்காகத் தன் ஒரே நண்பனை இழப்பார்?

இதை அவர் என்னிடம் சொன்னது இரண்டு மாதங்களுக்கு முன்பு, மருத்துவமனையில், ஒரு மத்தியானம். அங்கே இருக்கும் லிஃப்டும் அவர் பார்த்துக்கொண்டதுதான். பேச்சை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டு, "கயிறு மாத்தணும்னு எழுதிக் குடுத்தேன், மாத்தல" என்று முனகினார். பிறகு இதைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

"மருந்துக்கடைக்காரர் போன அன்னிக்கே பின்னாடி ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாமே சார். ரெண்டாவது தடவ சொல்லியிருந்தா நம்பியிருப்பாரே."

"நம்பிடுவான்னுதான் பயம் டீச்சர். லிஃப்ட்காரன் மோசம்னு நெனச்சா வேற லிஃப்ட்ல ஏறிப்பான். மேல மாடியே இல்லன்னு நெனச்சிட்டா?"

"இப்ப மட்டும் ஏன் சொல்லணும்?"

"அவன் இன்னும் தனக்குத் தகுதி இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். மாத்திரை வாங்கப் போனா நிமிந்து பாக்க மாட்டேங்கறான். நான் போனப்பறம் நீங்க சொல்லுங்க. நம்பாத ஆளு சொன்னாத்தான் அவன் நம்புவான்."

ஐயா, சொல்லிவிட்டேன். உங்களிடம் குறை எதுவும் இல்லை. அவரிடம் கொடுக்க எதுவும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

போன வாரம் அவருடைய தங்கையும் நானும் உள்ளறையைத் திறந்தோம். ரகசியத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்ப் பார்க்கலாம், திரையைக் கழற்றிவிட்டேன். எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒன்றின் பிரம்பு தேய்ந்து தொய்ந்திருக்கிறது. இன்னொன்று கடிகாரக்கார அம்மாவுடையது. அதில் துடைத்த தடம் இருக்கிறது, உட்கார்ந்த தடம் இல்லை. கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு சொல்லுக்காக, கதவைச் சாத்திக்கொண்டு, இருபது ஆண்டுகள் அங்கே காத்திருந்திருக்கிறார்.

அங்கேயே வருகைப் பதிவேடும் இருந்தது. தேதி, பேசிய பொருள், வந்தவர், விவாதம் என்று நான்கு கட்டங்கள். மருந்துக்கடை ஐயா போன பிறகு எண்கள் இறங்குகின்றன. ஐந்து, மூன்று, இரண்டு. இரண்டு என்றால் ஒன்று நான். நான் வராத வாரங்களையும் பார்த்தேன். ஒரு பக்கத்தைப் படிக்கிறேன். "பொருள்: ஆன்மா ஏழு கோள்களைக் கடந்து செல்லுதல். வந்தவர்: ஒருவர். விவாதம்: நன்றாக இருந்தது." அடுத்த வாரம். "வந்தவர்: ஒருவர். விவாதம்: நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது."

அவர் தங்கை அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "எங்கண்ணன் கல்யாணம் வேண்டாம்னதுக்குக் காரணம் இந்தக் கூட்டம்தான்னு முப்பது வருஷமா திட்டிக்கிட்டு இருந்தேம்மா. கூட்டத்துல ஆளே இல்லங்கறது இப்பதான் தெரியுது" என்றார்.

கடிகாரக்கார அம்மாவிடமாவது அந்தச் சொல் இருந்ததா? எனக்குத் தெரியாது. அவருக்கு முன்பு இருந்தவரிடம்? வரலாற்றுக்காரி என்ற முறையில் ஒன்று சொல்லலாம். இந்த மரபின் தோற்றத்தைத் தேடிப் பின்னோக்கிப் போகப்போக, நமக்குக் கிடைப்பது ஒரு ரகசியம் அல்ல. இன்னொருவரிடமிருந்து வந்ததாகச் சொல்லும் ஒருவர். அவருக்கும் முன்னால் அப்படியே ஒருவர். கடைசியில், பெயர் போடாமல் தனியாக எழுதிக்கொண்டிருக்கும் ஒரு ஆள். இது என் துறையின் முடிவு. இதில் எனக்கு வருத்தமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

லிஃப்டில் மாட்டியவர்களிடம் ஏன் அவ்வளவு பேசுகிறீர்கள், வேலையைப் பார்த்தால் சீக்கிரம் முடியுமே என்று ஒருமுறை கேட்டேன். "உள்ள இருக்கறவங்களுக்கு முதல்ல வேண்டியது வெளிச்சம் இல்ல டீச்சர். வெளிய ஒரு ஆள் இருக்காங்கிற சேதி" என்றார். அவர் உள்ளே இருந்தபோது வெளியே யார் இருந்தோம்? நான் மாதம் ஒரு முறை இருந்தேன். மற்ற வாரங்களில் விடைத்தாள் திருத்தினேன்.

நகல் கடை ஐயா காலையில் என்னைக் கேட்டார், அறையை என்ன செய்வது என்று. திருப்பித் தந்துவிடுவதாகத்தான் வரும் வழியில் நினைத்தேன். இப்போது உங்கள் முன்னால் வேறு சொல்கிறேன். அவருடைய வேலையைத் தொடர்வேன் என்று உறுதிசொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர் நம்பியதை நான் நம்பவில்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். சாவி என்னிடம் இருக்கிறது. வருகிற வியாழன் ஆறு மணிக்கு அறையைத் திறப்பேன். அதற்கடுத்த வியாழனும் திறப்பேன். தேதி எழுதி, பேசும் பொருள் எழுதி, வந்தவர் என்ற கட்டத்தில் ஒருவர் என்று எழுதிவிட்டு, மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருப்பேன்.

பென்சிலில்தான் எழுதுவேன்.