இடது கைப் பிரேக்

மலை என்று சொல்லக்கூடிய எதுவும் எங்கள் கரையோரத்தில் இல்லை. மதுரங்குளிச் சந்தியில் ஏறி கற்பிட்டி முனை வரைக்கும் மிதித்தாலும் வழியில் வருகிற பெரிய ஏற்றம் ஒரு பாலத்தின் முதுகுதான். அப்படியிருந்தும் நான் மலைச் சைக்கிள் ஒன்றைத் தேடினேன். தேடினேன் என்பதைவிட, அதைப் பற்றிப் படித்தேன் என்பதே சரி. இரவும் பகலும் கைத்தொலைபேசியில் காணொளி பார்த்ததில் சைக்கிளைப் பற்றி எல்லாமே எனக்குத் தெரிந்திருந்தது. ஓட்டுவதுதான் அவ்வளவாகத் தெரியாது.

நீங்களும் புதியவரென்றால் ஒன்று சொல்கிறேன். முன்னுக்கும் பின்னுக்கும் சொக், அதாவது குலுக்கலைத் தாங்குகிற ஸ்பிரிங், பூட்டிய மலிவுச் சைக்கிளை வாங்காதீர்கள். பார்க்க மோட்டார் சைக்கிள் போல இருக்கும். மிதித்தால் கால் உடைந்த கட்டில் போல ஆடும். முன்பக்கம் மட்டும் சொக் உள்ளதை எடுங்கள். ஹார்ட்டெயில் என்பார்கள். பின்பக்கம் விறைப்பாக இருப்பதால் மிதிக்கிற பலம் வீணாகாது. பழுதாகிற சாமானும் குறைவு. கடற்காற்றுக்கு இரும்புச் சட்டம் நிலைக்காது, அலுமினியம் நல்லது. மணலுக்கு அகலமான டயர். எல்லாவற்றையும்விட, சட்டம் உங்கள் உயரத்துக்கு அளவாக இருக்க வேண்டும். இவ்வளவும் உண்மை. நான் சாதாரணமாகப் பொய் சொல்கிறவன் இல்லை.

புத்தளத்தில் மாலை நேர ஆங்கில வகுப்பில் நானும் றிஸ்கானும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். பகலில் நான் ஹாட்வெயார் கடையொன்றில் நிற்பேன். அவன் வாப்பாவின் தோணியில் போவான். எனக்கு இலக்கணம் தெரியும், வாய் திறக்காது. அவனுக்கு இலக்கணம் என்றால் என்னவென்றே தெரியாது, வாய் மூடாது. ஆசிரியை இருவரையும் சேர்த்து ஓர் ஆளாக்கினால் நல்லது என்பார். அந்தச் சமயத்தில்தான் கற்பிட்டிப் பக்கம் கடற்கரை ஹோட்டேல் ஒன்றில், உல்லாசப் பயணிகளைச் சைக்கிளில் கூட்டிப்போய் கிராமங்களைக் காட்ட ஆள் தேவைப்பட்டது. சொந்தச் சைக்கிள் இருக்க வேண்டும். எடுப்பது ஓர் ஆளைத்தான். றிஸ்கானுக்குத் தோணியிலிருந்து இறங்க வேண்டும். எனக்கு ஆணியும் பெயின்டும் விற்பதிலிருந்து வெளியே வர வேண்டும். இருவரும் விண்ணப்பம் போட்டோம்.

சைக்கிளைக் கண்டுபிடித்தவன் நான். வெளிநாட்டிலிருந்து கொள்கலனில் வரும் பாவித்த சைக்கிள்களை மதுரங்குளியில் அலியார் நானா விற்கிறார். அவற்றின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு ஹார்ட்டெயில் நின்றது. ஐரோப்பாவில் ஓடியது. சட்டத்தின்மேல் காலை அகட்டி நின்று பார்த்தேன், இறங்கிப் பார்த்தேன், டயரை நசித்துப் பார்த்தேன், குனிந்து கீழேயும் பார்த்தேன்.

“தம்பி, சைக்கிள் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்றார் அலியார் நானா.

முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டினேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. நம் நாட்டுச் சைக்கிள்களில் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். மோட்டார் சைக்கிளிலும் முன் பிரேக் வலது கையில்தான். அந்தச் சைக்கிளில் அது மாறியிருந்தது. இடது கையைப் பிடித்தால் முன்சக்கரம் நின்றது. அவர்கள் நாட்டுப் பழக்கம் அப்படி. அது பழுதில்லை. இரண்டு கேபிள்களையும் கழற்றி மாற்றிப் பூட்ட, ஒரு பிளேன்டி, பால் விடாத தேநீர், குடிக்கிற நேரம் போதும். அலியார் நானா அதைக் கவனித்திருக்கவில்லை. “பிரேக் ரெண்டும் கல்லு மாதிரிப் பிடிக்கும்” என்றார். அது உண்மை.

விலை என் கைக்கு எட்டுகிற விலை. வேறு யாராக இருந்தாலும் அன்றே வாங்கியிருப்பார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வந்து இஸ்திகாரா தொழுதேன். கலியாணத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் நல்ல வழி காட்டும்படி தொழுகிற தொழுகை அது. பாவித்த சைக்கிளுக்காகத் தொழுதவன் எங்கள் மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். கனவு ஏதும் வரவில்லை. மறுநாளும் தொழுதேன். இதையெல்லாம் றிஸ்கானிடம் சொல்லவும் செய்தேன். சைக்கிளின் நிறம், கடை, விலை, எங்கள் இருவருக்கும் ஒரே உயரம் என்பது வரைக்கும். பிரேக்கைப் பற்றி மட்டும் சொல்ல மறந்திருந்தேன். அப்போது அது உண்மையான மறதி.

அடுத்த வகுப்புக்கு அவன் அந்தச் சைக்கிளில் வந்தான்.

“மச்சான், உன்ட துஆ கபூல். அட்ரஸ்தான் மாறிட்டு” என்றான்.

என் பிரார்த்தனை ஏற்கப்பட்டு அவனிடம் போய்ச் சேர்ந்ததாம். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

“கோவமா? நீ பாண் வாங்கவும் ஆராய்ச்சி பண்ற ஆளு. அதுக்குள்ள சைக்கிள் துருப்புடிச்சிரும்டா.”

“கோவமில்ல. நல்ல சைக்கிள்” என்றேன்.

பிரேக் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்காத ஆளுக்குப் புத்தி சொல்வது அவ்வளவு நல்ல பழக்கமில்லை. தவிர, அவனே கண்டுகொள்வான் என்று நினைத்தேன். அவன் கண்டுகொள்ளவில்லை. தட்டை ரோட்டில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் போகிறவனுக்கு, எந்தக் கை எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்பது தெரியவே வராது. அதையும் நான் வகுப்புக்கு வெளியே நின்று பார்த்து உறுதி செய்துகொண்டேன். எதையும் பார்க்காமல் முடிவு செய்கிறவன் நானில்லை.

ஹோட்டேலில் எங்களைச் சோதிக்க வந்தவர் அன்ரனிப்பிள்ளை. பயணிகளுக்குப் பொறுப்பானவர், தொப்பியைக் கழற்றாத மனிதர். நான் மச்சினனின் சைக்கிளை இரவல் வாங்கிப் போயிருந்தேன். இரண்டு பக்கமும் சொக் உள்ளது. வாங்காதீர்கள் என்று மேலே சொன்னேனே, அந்த இனம். ஒவ்வொரு மிதிக்கும் நான் மேலும் கீழும் போய்வந்தேன்.

“தம்பி, நீர் சைக்கிள் ஓடுறீரா, குதிரை ஓடுறீரா?” என்றார் அன்ரனிப்பிள்ளை.

றிஸ்கான் எதிர்ப்பட்ட இரண்டு வெள்ளைக்காரர்களை நிறுத்தி, மீன் காய்வதைப் பற்றிக் கதைத்துச் சிரிக்கவைத்தான். வினைச்சொல் ஒன்றுகூடச் சரியில்லை. அன்ரனிப்பிள்ளை தலையாட்டிக்கொண்டே இருந்தார். வேலை யாருக்கு என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

குறிஞ்சிப்பிட்டிக்குப் போகிற பாதையில் கைவிடப்பட்ட இறால் பண்ணை ஒன்று இருக்கிறது. அதன் மண்கட்டு ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். சரிவில் உடைந்த செங்கலும் சரளையும். மலைக்குப் பதிலாக எங்களிடம் உள்ளது அதுதான். கடைசிச் சோதனை அங்கே. முதலில் அன்ரனிப்பிள்ளை தன் சைக்கிளில் இறங்கி, கீழே போய் நின்றார். அடுத்தது றிஸ்கான். அவனுக்கு முகம் வெளுத்திருந்தது. கடலில் பயப்படாதவன் தரையில் பயந்தான்.

“டேய் ஆராய்ச்சி, எறங்கக்குள்ள எந்தப் பிரேக்க பிடிக்கணும்?” என்று மெதுவாகக் கேட்டான்.

“பின்னுக்குள்ளத. முன்னுக்குள்ளத இறுக்கினா குப்புறப் போவாய்.”

இது சரியான பதில். எந்தக் காணொளியிலும் பார்த்துக்கொள்ளலாம்.

அவன் இறங்கினான். பாதிச் சரிவில் முன்சக்கரம் நின்றது. சைக்கிள் அவனைத் தூக்கி வீசியது. வலது கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு இருக்க வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. முதலில் ஓடியவன் நான்தான். என் சேர்ட்டைக் கழற்றிக் கையைக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்கு ஹோட்டேல் வேனில் கூடப் போனதும் நான்தான்.

அங்கே தகடு வைத்தார்கள். விரல்கள் முழுதாக மடங்காது என்றார்கள். வலை இழுக்கிற கை அது. அவனுடைய உம்மா ஆசியா உம்மா என் தலையைத் தடவினார்.

“நீ இல்லாட்டி என்ட புள்ள அங்கயே கிடந்திருப்பான் வாப்பா. அல்லாஹ் உனக்கு நல்ல வழியக் காட்டுவான்.”

ஆமீன் சொன்னேன். சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை.

“என்ட பிழைதான் மச்சான். நீ சொன்ன மாதிரித்தான் புடிச்சேன். கூட இறுக்கிட்டேன் போல” என்றான் றிஸ்கான். பிறகு, “சைக்கிள நீயே எடு. நானினி எங்க ஓடப் போறன்” என்றான்.

நான் எடுத்துக்கொண்டேன். வாங்கிய விலையையே கொடுத்தேன். குறைத்துக் கேட்க மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் வேலையாக இரண்டு கேபிள்களையும் மாற்றிப் பூட்டினேன். நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. பிளேன்டி ஆறவேயில்லை.

அன்று கட்டின்மேல் நாங்கள் கதைத்தது நான் சொன்னதோடு முடிந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒழுங்காகக் கேட்கிற ஆளானால் கேட்பீர்கள். முடியவில்லை. அவன் இன்னொன்றும் கேட்டான். கால் ஒன்று தரையில் இருந்தது. இறங்குவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்ப எடது கைதானே?”

அந்தச் சைக்கிளில் இடது கை எந்தச் சக்கரத்துக்கு என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நான். வழக்கமாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நெடுநேரம் வேண்டும். அன்றைக்கு வேண்டியிருக்கவில்லை.

“ஓம்” என்றேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. மற்ற ஆள் இல்லாததால் கிடைத்தது என்று நானே சொல்லிச் சிரிப்பேன். அன்ரனிப்பிள்ளைக்கு இப்போது என்மேல் நல்ல நம்பிக்கை. புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு பயணியையும் நிறுத்தி, எந்தக் கை எந்தச் சக்கரத்தை நிறுத்தும் என்று என் திருத்தமான ஆங்கிலத்தில் சொல்கிறேன். அவர்கள் கைகளைப் பிடித்து அழுத்தவைத்தும் பார்க்கிறேன். சிலருக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் என் பொறுப்பில் வந்தவர்களில் இதுவரை ஒருவர்கூட விழவில்லை.