வரப்புச் சந்தன மரமும் எர்ணாகுளத்துப் பந்தாட்டமும்

பெயர் காளிச்சாமி, தகப்பனார் குப்பண்ணன், வயது நாற்பத்திரண்டு, தொழில் கரும்பு விவசாயம், இடுக்கி ஜில்லா தேவிகுளம் தாலூகா மறையூரில் வாய்க்கால் கரை வீட்டில் குடியிருப்பு. 1974-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 11-ந் தேதி, போலீஸ் ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் அய்யா முன்னிலையில் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நான் சொல்லாத எதையாவது எழுதிவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று தகராறு செய்ததன் பேரில், தமிழ் தெரிந்த ரைட்டரைக் கூப்பிட்டுத் தமிழில் எழுதுகிறார்கள்.

என் பட்டா நிலத்து வரப்பில் ஒரு சந்தன மரம் நின்றது. நிலம் என்னுடையது, மரம் சர்க்காருடையது. அதில் ஒரு குச்சி நான் ஒடிக்கக் கூடாது, ஆனால் மரம் காணாமல் போனால் நான்தான் ஜெயிலுக்குப் போக வேண்டும். இது என்ன நியாயமோ, என் அப்பன் காலத்திலிருந்து இப்படித்தான். நானும் என் சம்சாரம் ராமாத்தாளும் சேர்ந்தாற்போல் வெளியூர் போனதே கிடையாது, ஒருத்தர் போனால் ஒருத்தர் காவல். சனிக்கிழமை நான் எர்ணாகுளத்தில் பந்தாட்டம் பார்க்கப் போயிருந்த ராத்திரி, அந்த மரத்தை வேரோடு தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். நானே ஆள் வைத்து வெட்டி விற்றுவிட்டு, சாட்சிக்காகப் பந்தாட்டத்துக்குப் போனேன் என்று பாரஸ்ட் ரேஞ்சர் சொல்கிறார். இந்த வயசில் எவனாவது புதுசாகப் பந்து பார்க்கப் போவானா என்று கேட்கிறார். நான் போனேன், நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என்னைக் கூப்பிட்டவன் சென்னியப்பன். என்னோடு ஒன்றாகப் படித்த சினேகிதன், என் தங்கை மயிலாத்தாளைக் கட்டியவன். வெல்லம் காய்ச்சும் ஆலை எங்கள் இரண்டு பேருக்கும் பொது. பொங்கல் கழிந்து ஒரு நாள் முழுக்க அவனைக் காணவில்லை. மறுநாள் வந்து, எர்ணாகுளம் போய்ப் பந்தாட்டம் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். கல்கத்தாவிலிருந்து வந்த டீமாம், பந்து உதைப்பதற்கே மாசச் சம்பளம் வாங்குகிறவர்களாம். "ஒருக்கா வந்து பாருங்க மச்சான், அப்பறம் ஆலைப்பக்கமே வர மாட்டீங்க" என்று நாள் தவறாமல் நச்சரித்தான். ஒரு டீ வாங்கிக் கொடுக்கவே யோசிக்கிறவன், பஸ் செலவும் டிக்கெட்டும் தன்னுடையது என்றான். என்னடா இது, பேய்மழை கொட்டப் போகிறதா என்று நினைத்தேன். ஆனாலும் ஓசி என்றால் எனக்கு வலிக்கவா செய்யும், சரி என்றேன்.

அதன் பிறகு சனிக்கிழமை விடியலில் பஸ் ஏறினோம். மூணாறில் சூசையப்பன் சேர்ந்துகொண்டான். அவன் தேயிலை எஸ்டேட்டில் லாரி ஓட்டுகிறவன், எங்கள் வெல்லத்தை ஏற்றிப் போய்ப் பழக்கமானவன், எஸ்டேட் கிரவுண்டில் பந்தும் ஆடுவான். எர்ணாகுளத்தில் கமுக மரத்தில் கட்டிய காலரிப் படியில் உட்கார்ந்தோம். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த பாதியை எறியப் போனேன். "அது பத்திரமா இருக்கட்டுங்க மச்சான்" என்று சென்னியப்பன் என் சட்டைப் பையில் வைத்தான். அந்தத் துண்டை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகு ஆட்டம் ஆரம்பித்தது. கல்கத்தாக்காரர்களும் நம் கேரளத்துப் பையன்களும். நான் யாரையும் லேசில் நம்புகிறவன் அல்ல. பஸ் கண்டக்டரை நம்பவில்லை, சில்லறை கொடுத்தவனை நம்பவில்லை. கறுப்புச் சட்டை போட்ட ஒருத்தன் எந்தப் பக்கமும் சேராமல் குறுக்கே குறுக்கே ஓடினான், இவன் என்னமோ களவாணித்தனம் செய்கிறான் என்று சூசையப்பனிடம் சொன்னேன். அவன்தான் ரெஃபரி என்று சொல்லிச் சிரித்தான். பாதியில் விசில் ஊதியதும் முடிந்துவிட்டது என்று நான் எழுந்தேன், இன்னும் பாதி இருக்கிறது என்று சூசையப்பன் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

இடைவேளைக்கு முன்னால் நம் பையன்கள் கடல் பக்கத்துக் கோல் கம்பத்தைப் பார்த்துத்தான் பந்தைக் கொண்டுபோனார்கள். இடைவேளைக்குப் பிறகு அதே கம்பத்துக்கு முன்னால் எல்லோரும் கும்பலாகப் புரண்டார்கள், எவன் உதைத்தான் என்று தெரியவில்லை, பந்து உள்ளே போனது. சென்னியப்பன் துள்ளி எழுந்து, "போட்டுட்டோமுங்க மச்சான்!" என்று கத்தினான். நானும் கத்தினேன். காலரியில் வேறு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி ஆடுவார்கள், இப்போது அது நம் கம்பம், கோல் போட்டது கல்கத்தாக்காரர்கள் என்று சூசையப்பன் சொன்னான். "ஏம்ப்பா, நீ போன தடவை பார்த்தப்போ மாறலையா?" என்று கேட்டான். அதற்குச் சென்னியப்பன், "அது வேற டீமுங்க, மாறலே" என்றான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும் சிரித்தேன், மடையன்.

ஆட்டம் முடிந்ததும் நான் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றேன். சென்னியப்பன் விடவில்லை, லாட்ஜில் தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்றான். ராமாத்தாள் தனியாக இருக்கிறாளே என்றதற்கு, மயிலாத்தாள் அவளைத் துணைக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பாள், கவலைப்படாதீர்கள் என்றான். எனக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தால் வரப்பில் மரம் நின்ற இடத்தில் குழிதான் இருந்தது. ராமாத்தாள் குழி ஓரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் மயிலாத்தாள் வந்து, தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது, இப்போதுதான் தோன்றியது என்று சொல்லித் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனதாகச் சொன்னாள். அவளுக்கு அப்போதுதான் தோன்றியது என்றால், எர்ணாகுளத்தில் இருந்த சென்னியப்பனுக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் எனக்கு அந்தக் கம்பம் ஞாபகம் வந்தது. ஒரு ஆட்டம் பார்த்தவனுக்குக்கூடப் பக்கம் மாறுவது தெரியும். பொங்கல் கழிந்து அவன் போனது பந்தாட்டத்துக்கு அல்ல. மரத்துக்கு ஆள் பேசப் போயிருக்கிறான் என்று நினைக்கிறேன். ரெஃபரியைக்கூடச் சந்தேகப்பட்டேன், பக்கத்தில் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்தவனை விட்டுவிட்டேன்.

யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். சென்னியப்பன் மேல் சந்தேகம். அதன் பிறகு, மயிலாத்தாள் பெயரை எழுத வேண்டாம், அப்பன் செத்த பிறகு நான் தூக்கி வளர்த்த பிள்ளை என்று அய்யாவைக் கும்பிட்டுக் கேட்டேன். அவள் கூப்பிட்டுத்தான் ராமாத்தாள் வீட்டை விட்டுப் போனாள் என்று எழுதாவிட்டால், ராமாத்தாளும் உடந்தை என்று ஆகும் என்றார். சரி, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

எழுதியதை முழுக்க எனக்கு வாசித்துக் காட்டினார்கள், பிறகு கையில் வாங்கி நானும் ஒரு தடவை படித்தேன். நான் சொல்லாதது ஒரு வரியாவது இருக்காதா என்று பார்த்தேன். இல்லை. எல்லாம் நான் சொன்னது, எல்லாம் நிஜம்.

(ஒப்பம்) கு. காளிச்சாமி