பந்து உருண்டு வரும் பக்கம்

— அதத்தாங்க நானும் சொல்லுதேன். பந்து காலுகிட்ட வந்தாத்தான் உதைக்கா. இல்லன்னா கோட்டுமேல கம்பு நட்ட மாதிரி நிக்கா. கோச் பினு சார் மொகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு. யோகப்பிரியாவுக்கு ஞாயித்துக்கிழமையும் எக்ஸ்ட்ரா டிரெய்னிங் வேணுமாம். இல்லன்னா குட்டிப் புள்ளைக டீம்ல எடுக்க மாட்டாராம்.

— நீ என்ன சொன்ன மோனிஷா?

— என்னத்தச் சொல்ல? வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்னேன். லீவு நாளுல மூணாறு வரைக்கும் யாரு கூட்டிட்டுப் போறது?

— ஞாயித்துக்கிழம எனக்கு மொத ட்ரிப்பே அங்கதான. ஜீப்புல முன்சீட்டுல வச்சுக் கூட்டிட்டுப் போயிருதேன். மாமா, ஒங்க பேத்தி விசயம். டீய ஊதிக்கிட்டே இருந்தா எப்படி?

— நா வாயத் தொறந்தா பொய்யின்னு சொல்லுவா மாப்ள, ஒங்க பொண்டாட்டி.

— யப்பா, பொய் சொல்லாமத் தொறங்க.

— ஆறு வயசுப் புள்ள தாயி. தாங்குமா? எங்க எஸ்டேட் டிவிஷன் டீம்ல சூசையப்பனுக்கும் இப்படித்தான் எக்ஸ்ட்ரா டிரெய்னிங் குடுத்தாங்க. ஓடி ஓடி, அவனுக்கு நிக்கதே மறந்துபோச்சு. கல்யாணத்தன்னைக்கு பாதர் தாலியக் கையில வச்சுக்கிட்டு அவன் பின்னாலயே சர்ச்ச மூணு சுத்து ஓடுனாரு. "நல்லதம்பி, அவனப் புடி"ன்னு என்னையப் பாத்துக் கத்துதாரு. நாந்தான் வாசல்ல மறிச்சுத் தாலி கட்ட வச்சேன்.

— சூசையப்ப மாமாவா? அவரு முட்டி வலியில வாசப்படி எறங்கவே பத்து நிமிசம் ஆக்குதாரு.

— அந்த ஓட்டத்துல வந்த வலிதான். பொய் சொல்லி எனக்கென்ன ஆவப் போவுது?

— மாமா, அத விடுங்க. மத்த புள்ளைகள்லாம் வெல்லத்துல ஈ மாதிரி பந்தச் சுத்துதுக. இவ மட்டும் ஏன் கோட்டுலயே நிக்கா?

— அது புத்தி மாப்ள. நம்ம எஸ்டேட் கிரவுண்டு சரிவு. மேல நின்னு யாரு உதைச்சாலும் பந்து தானா கீழக் கோட்டுக்கு வந்துரும். பின்னாலயே ஓடுதவன் கூறுகெட்டவன். கீழ நிக்கவன் கெட்டிக்காரன். ஒருக்க ராமுத்தாய் மவன் உதைச்ச பந்து தேயிலக் காட்டத் தாண்டி, ஆத்தத் தாண்டி, அடுத்த எஸ்டேட்டுக் கோலுக்குள்ள போயி விழுந்துச்சு. அங்கயும் மேட்ச் நடக்கு. அவங்க ஜெயிச்சுட்டாங்க. நாணயமானவங்க, கப்பப் பாதியா அறுத்து எங்களுக்கு அனுப்பி வச்சாங்க.

— பாதிக் கப்பு எங்க மாமா?

— ஒங்க அத்த மாவு அள்ளுதுக்கு வச்சிருந்தா. தேஞ்சுபோச்சு.

— யப்பா!

— மூணாறு டர்ஃபு கிரவுண்டு சமதரை மாமா. அங்க நின்னா பந்து வராது.

— அப்போ தரையச் சாய்க்கச் சொல்லுங்க. புள்ளைய ஏன் மாத்தணும்?

— ஆமா, இவரு பேத்திக்காக மூணாறையே சாச்சு வைப்பாங்க. யப்பா, நா ஸ்கூல்ல ஓட்டத்துக்குப் பேரு குடுத்தேன். ஞாபகமிருக்கா? அம்மாவுக்குக் கொழுந்து சீசன், நீ தம்பியப் பாத்துக்கன்னீங்க. பாத்துக்கிட்டேன். எம் பொண்ணாவது ஓடட்டும்.

— மாமா, மறுபடியும் டீய ஊதுதீங்களே?

— டீ சூடா இருக்கு மாப்ள.

— ஆட கட்டிருச்சு மாமா.

— எனக்கொண்ணுமில்ல தாயி. புள்ளைய நெனச்சுத்தான் சொல்லுதேன். வாரத்துல ஒரே ஒரு நாளு. நம்ம காத்து, நம்ம கிரவுண்டு, எங்கூட வந்து சொகமா நின்னுட்டுப் போவட்டுமே. பெரியவங்க நீங்களா முடிவு பண்ணுதீங்க. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?

— சரி, கேட்டுருவோம். யோகா! ஏ யோகா! ஷூவக் கழத்திட்டு இங்க வா.

— என்னம்மா?

— ஞாயித்துக்கிழம பினு சார்கிட்ட டிரெய்னிங் போறியா? அங்க ஓடணும். நிக்கக் கூடாது.

— ஓடலாமா? பந்து பின்னாடியே?

— ஓடலாம்.

— எடத்த விட்டு நகந்தா வைய மாட்டாங்களா?

— யாரு வைவா?

— தாயி, புள்ளைக்குப் பசிக்குது போல. மொதல்ல சோத்தப் போடு.

— இருங்க மாமா. யோகா, எடத்த விட்டு நகரக் கூடாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?

— நா டிரெய்னிங் போறேம்ப்பா. ஆனா தாத்தா, ஞாயித்துக்கிழம நீங்களும் சூசையப்பன் தாத்தாவும் வெளையாடயில பந்து தேயிலக் காட்டுக்குள்ள போயிட்டா ஒங்களுக்கு முட்டி வலிக்குமே, கீழக் கோட்டுல நின்னு யாரு புடிச்சுக் குடுப்பா?