ஒரு லிட்டர் தண்ணி

அடிச்சேன் சார். இல்லைன்னு எப்ப சொன்னேன்? எழுதிக்கோங்க. முதல் அடி மூக்குல. கீழ விழுந்தவரைச் சட்டையைப் பிடிச்சுத் தூக்கி சுவத்துல மோதினேன். ரெண்டு தடவை. கம்ப்யூட்டர் திரையை உடைச்சது நாற்காலியால இல்ல, கையாலதான். இந்தக் கட்டைப் பார்த்தா தெரியலையா? ஆறு தையல். செக்யூரிட்டி மூணு பேர் மேல விழுந்து அமுக்கினாங்க. அதுல ஒருத்தர் பல்லு போச்சு. அதுவும் நான்தான்.

தொழிலா? கறிக்கடை சார், இருபத்திரெண்டு வருஷமா. உடனே தலையை ஆட்டாதீங்க. இந்தக் கையால மனுஷனை ஒருநாளும் தொட்டதில்ல. வேணும்னா என் பொண்டாட்டியைக் கேளுங்க. இல்ல, வேண்டாம். அவளை ஒண்ணும் கேக்காதீங்க.

அவளுக்குத்தான் ஸ்கேன். எட்டு மாசம் முன்னாடி முதல் தடவை எடுத்தோம். ரெண்டு வாய் சாப்பிட்டா போதும், வயிறு நிறைஞ்சிடுச்சும்பா. ஆளு பாதியா இளைச்சுட்டா. இரைப்பைல கட்டி இருக்கான்னு பார்க்க டாக்டர் சி.டி. எடுக்கச் சொன்னார். கட்டி எதுவும் தெரியலைன்னு எழுதி வந்துச்சு. எதுக்கும் வாய் வழியா குழாய் விட்டும் பார்த்துடலாம்னார். குழாய்ன்னதும் இவ நடுங்கிட்டா. ஸ்கேன்லயே ஒண்ணுமில்ல, வாடி போலாம்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன்.

இன்னைக்கு ரெண்டாவது ஸ்கேன். இரைப்பைச் சுவர் தடிச்சுப் போச்சாம், சுத்தி நெறி கட்டியிருக்காம், கல்லீரல்ல மூணு புள்ளியாம். நாலாவது கட்டம்னார் டாக்டர். நாலாவது மாடிக்கு வழி சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போயிட்டார் சார். முதல்லயே பிடிச்சிருந்தா வெட்டி எடுத்திருக்கலாமாம்.

அவரை அடிக்கல. ஸ்கேன் எடுக்கிறவரைத்தான் அடிச்சேன்.

அவர் என்ன சொன்னார், என்ன சொன்னார்னு அதையே கேக்குறீங்களே. திட்டல சார். தப்பா ஒரு வார்த்தை பேசல. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

இருங்க, இதைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். இந்த ஸ்கேனுக்கு வெறும் வயித்தோட வரணும். வந்ததும் ஒரு லிட்டர் தண்ணி குடிக்கணும். தண்ணி நிறைஞ்சு இரைப்பை விரிஞ்சாத்தான் சுவர் ஒழுங்கா தெரியும். காலியா இருந்தா மடிஞ்சு சுருங்கிக் கிடக்கும். மடிப்புக்குள்ள என்ன இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு இதை யாராவது சொல்லணுமா? தினம் ஆட்டு இரைப்பையைத் தண்ணி விட்டு உப்ப வச்சுத்தானே கழுவுறேன்?

அவர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் திரைல பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தார். பழசுல விரலை வச்சுக்கிட்டு, போன தடவை சுருங்கிக் கிடக்கே, தண்ணி குடிக்கலையாம்மான்னு இவளைக் கேட்டார். அவ்வளவுதான். பொறுமையாத்தான் கேட்டார், பாவம்.

இவ என்னை ஒரு பார்வை பார்த்தா. அப்புறம் அவர்கிட்ட திரும்பி, முழுசும் குடிச்சேண்ணே, பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்துட்டேன், யார்கிட்டயும் சொல்லல, என் தப்புதான்னா.

அப்பதான் அடிச்சேன். அவ வாயை மூட முடியல, அவர் மூக்கை உடைச்சேன்.

அவ வாந்தியே எடுக்கல சார். அன்னைக்கு மூணு வாய் குடிச்சா. நாலாவது இறங்கல. தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. என்னால பார்க்க முடியல. இங்க குடுடின்னு பாட்டிலைப் பிடுங்கி கை கழுவுற தொட்டில ஊத்திட்டேன். குடிச்சாச்சான்னு கேட்டு வந்ததும் இதே ஆள்தான். காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன்.

அதை முதல்ல எழுதுங்க சார். மூக்கு அப்புறம்.