புளி போட்டுத் துலக்கிய ராணி

வெள்ளியைத் தேய்க்கக் கூடாது, மேடம். நிறையப் பேருக்கு இது தெரியாது. உங்கள் வீட்டிலும் பொங்கலுக்கு முன்னால் குங்குமச் சிமிழைப் பல்பொடி போட்டுத் தேய்ப்பார்கள். சிமிழைத் தேய்க்கலாம். பழைய காசைத் தேய்க்கக் கூடாது.

வெள்ளைக்காரன் காலத்து, ராணி தலை போட்ட வெள்ளி ஒரு ரூபாய். நாலு கை மாறியிருக்கிறது. பிறகு யாரோ துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டு மறந்துவிட்டார்கள். அதன் மேல் மெல்ல ஒரு நிறம் ஏறும். நடுவில் மழை மேகம் மாதிரி சாம்பல், ஓரத்தில் புறாக் கழுத்து மாதிரி நீலமும் ஊதாவும். ராணியின் கன்னத்தில் மட்டும் லேசான தேய்மானம். அந்த நிறத்தைத் தோல் என்போம், அதற்குத்தான் மதிப்பு. ஞாயிற்றுக்கிழமை கோட்டை வாசலில் டூரிஸ்ட்டுகளுக்கு விற்கிறார்களே, அதெல்லாம் ஆசிட்டில் குளித்தவை. நான் அதைத் தொட மாட்டேன். என்னுடையதைக்கூடக் கையுறை போட்டு, ஓரத்தைப் பிடித்துத்தான் எடுப்பேன்.

புகாருக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு மஞ்சு நேற்று என் பீரோவைத் திறந்து எல்லாக் காசையும் புளி போட்டுத் துலக்கிவிட்டாள். வீட்டுச் சாவி நான் கொடுத்து வைத்ததுதான். நான் தனி ஆள். மதியம் லேமினேஷன் கடையிலிருந்து நான் வருவதற்குள் அவளோ அவள் அம்மா ரஞ்சிதமோ சாப்பாடு வைத்துவிட்டுப் போவார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான். ரஞ்சிதம் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

நல்ல குடும்பம், மேடம். அப்படிப்பட்ட பெண் ஏன் இதைச் செய்தாள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

போன வருஷம் ரஞ்சிதம் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினாள். ஆமாம், கொட்டினாள்.

"எங்க மாமியாருதுண்ணே. அந்தக் காலத்துல கொல்லையில மல்லாட்டப் பயிரு வெளஞ்சி வித்த காசாம். மஞ்சுக்கு ஆவணியில கல்யாணம் வெச்சிடலாம்னு இருக்குது. இத உருக்கி கொலுசு பண்ணணும். நல்ல ஆசாரியா சொல்லுங்க."

அத்தனையும் கை படாத தோல். அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததே இல்லை. இரண்டு மடங்கு எடையில் புதுக் கொலுசு வாங்கித் தருகிறேன், இதை எனக்குக் கொடு என்றேன்.

"வேணாம்ணே. எம்பேத்தி கால்ல என் வெள்ளிதான் இருக்கணும்னு சொல்லிட்டுத்தான் அது கண்ண மூடுச்சு."

நியாயமான பேச்சு. நான் கோபப்படவில்லை. நிதானமாக யோசித்தேன். உருக்குவது கொலுசுக்காக. கொலுசு கல்யாணத்துக்காக. கல்யாணம் இல்லையென்றால் காசுக்கு ஆபத்தில்லை.

மாப்பிள்ளை இனியன், வல்லத்துப் பையன். டிராக்டர் ஷோரூமில் வேலை. "நீங்கதாண்ணே ஒரு எட்டு போயி விசாரிச்சிட்டு வரணும்" என்று ரஞ்சிதம்தான் அனுப்பினாள். போனேன். பையனிடம் குறை ஒன்றும் இல்லை. நானும் தேடிப் பார்த்தேன். அவன் அம்மா மீனம்பாள் காபி கொடுத்துவிட்டு, "பொண்ணு எப்படிங்க?" என்றாள்.

"தங்கமான பொண்ணு. ஒரு அமாவாசை தவறாது, மேல்மலையனூர் போயிடும். விடிஞ்சாதான் வரும். எதுக்குன்னு நான் கேட்டுக்கிட்டதில்ல" என்றேன்.

அது பேய் ஓட்டுகிற கோயில்தான். ஆனால் நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ரஞ்சிதம் அமாவாசைக்கு அங்கே எலுமிச்சம்பழமும் பூவும் கடை போடுவாள். மஞ்சு கூட நின்று விற்பாள். அதை அவர்கள் கேட்கவில்லை.

மீனம்பாள் குரலை இறக்கி, "காத்து கருப்பு எதனா புடிச்சிருக்குதா?" என்றாள். நான் காபியைக் குடித்தேன். நல்ல காபி.

கல்யாணம் நின்றது. மஞ்சு சில நாள் அறைக் கதவைத் திறக்கவில்லை. எனக்குச் சாப்பாடு மட்டும் நிற்காமல் வந்தது. ஒரு நாள் ரஞ்சிதம் அந்த முடிச்சோடு வந்தாள். "இத பார்த்தாலே வயிறு எரியுதுண்ணே. அவளுக்கு நேரம் வர வரைக்கும் நீங்களே வெச்சிருங்க" என்று அழுதாள். கையுறையைப் போட்டுக்கொண்டு வாங்கி வைத்தேன்.

அடுத்த வரன் சீயமங்கலம். அங்கேயும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். அவர்கள் டீ கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. பேச்சு தானாகவே போய்க்கொண்டிருந்தது. வேலை பார்த்த மருந்துக்கடையில்கூட மஞ்சுவை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் காசுகள் பத்திரமாக இருந்தன.

இந்த இனியன் சும்மா இருந்திருக்கலாம். போன அமாவாசைக்கு அவனே ஸ்பெஷல் பஸ் ஏறி, பேய் பிடித்த பெண்ணைப் பார்க்க மேல்மலையனூர் போயிருக்கிறான். அவள் எலுமிச்சம்பழத்துக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டு, பேரம் பேசின ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாளாம். ரஞ்சிதம் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவளிடம் பேசியிருக்கிறான். யார் சொன்னது என்ற கேள்வி வந்தது. பதிலும் வந்துவிட்டது.

நேற்று மதியம் வீட்டுக்குப் போனால், சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வாழையிலை போட்டு, என் காசு முழுவதும் வரிசையாக அடுக்கியிருந்தது. எவர்சில்வர் மாதிரி மின்னியது. ராணி முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி இருந்தாள். மஞ்சு சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லா வந்திருக்குதா மாமா? உங்க காசுக்கு கருப்பு புடிச்சிருந்துச்சு. ஓட்டிட்டேன்."

நான் ஒரு காசை ஓரம் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன்.

"அம்மாகிட்ட சொல்லல. அது உங்கள அண்ணன்னு நம்பிட்டு இருக்குது. ஒடஞ்சி பூடும். சோறு ஆறுது, சாப்டுங்க."

அவள் தன் பாட்டியின் காசுகளை மட்டும் துப்பட்டாவில் முடிந்துகொண்டு போய்விட்டாள். நான் சாப்பிட்டேன். காரக்குழம்பு.

இன்று காலையில் ரஞ்சிதம் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தாள். இனியன்தான் மாப்பிள்ளை, அவனே பேசி அவன் அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டானாம். "தாய்மாமன் எடத்துல நீங்கதாண்ணே நிக்கணும்" என்றாள். நிற்கிறேன் என்றேன். பட்டு வேட்டியை இஸ்திரிக்குப் போட்டுவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஆமாம், மேடம். இரண்டு வரனையும் தட்டிவிட்டது நான்தான். மருந்துக்கடை வேலை போனதும் அதனால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வருத்தப்படுகிறேனா என்று கேட்கிறீர்கள். படாமல் இருப்பேனா? நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அவ்வளவு அருமையான காசுகளை வீட்டு பீரோவில் வைத்தது என் தப்புதான். பேங்க் லாக்கரில் வைத்திருக்க வேண்டும்.