ருசி பார்ப்பதும் சாப்பாடுதான், பெரியப்பா!

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் சித்தப்பாவிடம் காட்டாதீர்கள். நாளை எங்கள் பேக்கரியின் ஆண்டு விழா. வரவேற்புரை என்னுடையது. சித்தப்பா எழுதிக் கொடுத்த உரையை மனப்பாடம் செய்துவிட்டேன், ஒப்பித்தும் காட்டிவிட்டேன். ஆனால் மேடையில் நான் பேசப்போவது அதையல்ல, இதை. தான் எழுதியதை மாற்றிப் பேசினால் மேடையும் கிடையாது, பள்ளிப் பேச்சுப் போட்டியும் கிடையாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். கடைக்கு மேலே என் அறையில், விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பேசி முடித்த பிறகு ஊருக்கே காட்டிக்கொள்ளுங்கள். அதுவரை வேண்டாம்.

விழாத் தலைவர் அவர்களே! வயதிலும் வாஞ்சையிலும் மூத்த பெரியோர்களே! ஒரு ரொட்டி வாங்க வந்து ஒன்பது கதை பேசிப் போகும் அன்புத் தாய்மார்களே! மாவோடு மல்லுக்கட்டி, அனலோடு அல்லாடி, எங்கள் அடுப்பை அணையாமல் காக்கும் தொழிலாளத் தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்து என்னை முறைக்கத் தொடங்கியிருக்கும் சித்தப்பா அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சித்தப்பா, நீங்கள் எழுதிக் கொடுத்த முதல் வரியைச் சொல்லிவிடுகிறேன். "நின்று உழைத்த எங்கள் மாஸ்டர் இனி அமரட்டும்!" அழகான வரி. கைதட்டல் வாங்கும் வரி. ஆனால் என் பெரியப்பாவை முடக்கப்போகும் வரி! ஆகவே அதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

என் பெரியப்பாவை அறியாதவர் இங்கு யார்? இந்தப் பேக்கரியின் மாஸ்டர். அறுபதைக் கடந்தவர். மாவைத் தொட்டே பக்குவம் சொல்லுவார், மணத்தை முகர்ந்தே நேரம் சொல்லுவார். அவருடைய இரண்டு முட்டிகளும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் முதல் அடி வைக்க முடியவில்லை.

இதற்குக் காரணம் சொல்லாதவர் உண்டா இந்தச் சபையிலே? "வயசாச்சுல்ல" என்றார் ஒருவர். "தரை ஈரம்" என்றார் ஒருவர். "அந்தச் செருப்பை முதல்ல தூக்கிப் போடுங்க" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். செருப்பையும் போட்டோம்! புதுச் செருப்பும் வாங்கினோம்! வலி போயிற்றா? எல்லாரும் எல்லாவற்றையும் சொன்னீர்கள். ஒன்றை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய எடை!

ஏன் சொல்லவில்லை? சொல்ல மனம் வரவில்லை. "மாஸ்டர் இப்படிக் கொழுகொழுன்னு இருந்தாத்தான் கடைக்கு அழகு. ஒல்லியா ஒருத்தன் சுட்ட ரொட்டியை எவன் வாங்குவான்?" என்று சிரித்தீர்கள். பின்வரிசை மாமா, இப்போதும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் சிரிப்பையும் சேர்த்துத்தானே அந்த முட்டி சுமக்கிறது!

அவரை டாக்டரிடம் அழைத்துப் போனது நான். மற்றவர்களுக்கெல்லாம் கடையில் வேலை. டாக்டர் அம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், முட்டியை மடக்கிப் பார்த்தார், எடை பார்க்கும் கருவியில் நிற்கச் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவீங்க?"

"ரெண்டே வேளைதாம்மா. காலைல வெறும் டீ. நான் பெரிய சாப்பாட்டுக்காரன் இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியப்பா, தட்டு?" என்றேன்.

"சும்மா இரு. அது வேலை. அது எப்படிச் சாப்பாட்டுல வரும்?"

"என்ன தட்டு?" என்றார் டாக்டர்.

அன்பார்ந்த சபையோரே, எங்கள் கடையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அடுப்பிலிருந்து எந்தத் தட்டு வெளியே வந்தாலும் முதல் துண்டு மாஸ்டருக்கு. அவர் தின்று, கண்ணை மூடி, தலையை அசைத்தால்தான் அந்தத் தட்டு கடைக்குப் போகும். பன் தட்டு வந்தால் ஒரு பன். கேக் தட்டு வந்தால் ஒரு கேக். வெண்ணெய் பிஸ்கட் என்றால் ஒன்றில் தெரியாதாம், இரண்டு! விடியலில் தொடங்கி விளக்கு வைக்கும் வரை தட்டு வந்துகொண்டே இருக்கிறது, தலை அசைந்துகொண்டே இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அதைச் சாப்பாடு என்று அவர் ஒருநாளும் நினைத்ததே இல்லை!

டாக்டர் அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"ஐயா, உங்க வாய் அதை வேலைன்னு நினைக்குது. வயிறு சாப்பாடுன்னுல்ல நினைக்குது! நான் என்ன பண்ணட்டும்?"

பிறகு என் புத்தகப் பையை எடுத்துப் பெரியப்பாவின் மடியில் வைத்தார். "இது அஞ்சு கிலோ இருக்குமா? உடம்புல அஞ்சு கிலோ ஏறினா, நடக்கிறப்போ முட்டிக்கு அது அஞ்சு இல்ல, கிட்டத்தட்ட இருபது. ஒவ்வொரு அடிக்கும் இருபது."

பெரியப்பா பையைப் பார்த்தார். "ஒரு சின்ன மாவு மூட்டை" என்றார் மெதுவாக.

"ஆமா. அதே கணக்கை இறங்குமுகமாவும் போடுங்க. அஞ்சு கிலோ குறைஞ்சா மூட்டையும் இறங்கிடும். தேய்ஞ்சது திரும்ப வளராது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா வலி குறையும், நடை வரும். தொடைச் சதைக்குப் பயிற்சி சொல்லித் தரேன். தினமும் நடங்க. உட்காந்தே இருந்தீங்கன்னா சதை இளைக்கும், எடை ஏறும், முட்டி இன்னும் கெட்டுப்போகும்."

ஒல்லியானவர்களுக்கும் முட்டி தேயும்தானே என்று நான் கேட்டேன். தேயும் என்றார். வயதும் காரணம், பழைய அடியும் காரணம், பரம்பரையும் காரணம். ஆனால் அவற்றில் எதை நாம் மாற்ற முடியும்? எடை ஒன்றைத்தானே! மாற்ற முடியாததையெல்லாம் மணிக்கணக்காகப் பேசுகிறோம். மாற்ற முடிந்ததைப் பேசினால் மட்டும் மரியாதைக் குறைவா?

வீட்டுக்கு வந்து சொன்னேன். கல்லாவில் சொன்னேன், சமையலறையில் சொன்னேன், மாவறையில் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சித்தப்பா என்ன சொன்னார்?

"அந்த அம்மா பேக்கரியா நடத்துறாங்க? மாஸ்டர் ருசி பாக்காம தட்டு வெளிய போனா கடை என்னத்துக்கு ஆகும்?"

பெரியம்மா என்ன சொன்னார்? "மனுசன் வாயைக் கட்டுறதுக்கா டாக்டருக்குப் படிச்சாங்க? பாவம், வலியோட இருக்கார், நாலு வாய் தின்னட்டும்டி."

சரி, முட்டி வலிக்காவது எதையாவது செய்தார்களா? செய்தார்கள்! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் பெரியப்பா அடுப்பு வரைக்கும் நடந்துபோய் ருசி பார்ப்பார். இப்போது அன்பு மேலிட்டு அவருக்கு ஒரு முக்காலி போட்டார்கள். தட்டுகள் அவரைத் தேடி வருகின்றன. நிறுத்தவேண்டிய தீனியை விட்டுவிட்டு, நிறுத்தக்கூடாத நடையை நிறுத்திவிட்டோம்! இப்படி ஒரு வைத்தியத்தை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கே நடக்கும் இந்த அநியாயம்?

இந்த மேடையில் இன்னும் சற்று நேரத்தில் அவருக்கு ஒரு பரிசு தரப்போகிறோம். ரிப்பன் கட்டிய சக்கர நாற்காலி. அதைப் பழிக்க நான் வரவில்லை. தேவைப்பட்டவர்களுக்கு அது நாற்காலியே அல்ல, கால். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தது நடை! நாம் வாங்கி வந்தது இருக்கை! கைதட்டி அவரை அதில் உட்கார வைத்துவிட்டால், அப்புறம் நம்மில் யார் அவரை எழுந்திருக்கச் சொல்லப்போகிறோம்? அவரும்தான் எழுவாரா? இத்தனை பேர் ஆசையாக வாங்கித் தந்ததாயிற்றே என்று மரியாதைக்கே உட்கார்ந்து விடுவார். எனக்கு அவரைத் தெரியும்.

டாக்டரிடமிருந்து திரும்பி வரும்போது பேருந்தில் அவர் என்னிடம் சொன்னதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

"முட்டி வலியைப் பொறுத்துக்குவேன்மா. ருசி பாக்குறதை நிறுத்துனா நான் யாரு? சும்மா மூலையில கிடக்கிற கிழவன்தானே?"

பெரியப்பா! அன்று அழத்தான் செய்தேன். பதிலை இன்று சொல்கிறேன். தட்டுக்கு ஒரு பன் தின்றதனாலா நீங்கள் மாஸ்டர்? பிய்த்துப் பார்த்தால் உங்களுக்குத் தெரியாதா? அழுத்திப் பார்த்தால் தெரியாதா? நகக்கண் அளவு நாக்கில் வைத்தால் தெரியாதா? மீதியைத் தின்ன இங்கே ஆளா இல்லை? இதோ, பின்வரிசை மாமா இருக்கிறார்! முக்காலியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அடுப்புக்கு நடந்து போங்கள். அடுப்பிலிருந்து கடைக்கு நடந்து வாருங்கள். வலித்தால் நில்லுங்கள், பிடித்துக்கொள்ள என் தோள் இருக்கிறது. நீங்கள் மூலையில் கிடக்கும் கிழவர் ஆவது ருசி பார்ப்பதை நிறுத்தினால் அல்ல. நடப்பதை நிறுத்தினால்தான்!

என்னைத் திட்ட வேண்டியவர்கள் பிறகு திட்டிக்கொள்ளுங்கள், வரிசையில் நிற்கிறேன். இப்போது நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவார்கள். அதைத் தொட்டு நன்றி சொல்லுங்கள், பெரியப்பா. உட்காராதீர்கள். நடந்து மேடைக்கு வாருங்கள். எவ்வளவு நேரமானாலும் நாங்கள் காத்திருக்கிறோம்!

பொறுமையோடு கேட்ட சான்றோர்களுக்கும், பொறுமையிழந்தும் எழுந்து போகாத சித்தப்பாவுக்கும், என் தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றியைக் கூறி...

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். விளக்கை அணைக்கக்கூட நேரமில்லை. சித்தப்பாவாக இருந்தால் படியில் தடதடவென்று கேட்டிருக்குமே. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிறது. படியின் கைப்பிடிக் கம்பி கிறீச்சிடுகிறது.

"தூங்கலையாம்மா? நான்தான். கீழ அந்த நாற்காலியைப் பாத்தேன். ரிப்பன்லாம் கட்டி வச்சிருக்காங்க. கதவைத் திற. நாளைக்கு நீ என்ன பேசப்போறேன்னு எனக்கு இப்பவே தெரியணும்."

பெரியப்பா. தானே படியேறி வந்திருக்கிறார்!