குரலுக்குக் குரல்

ஒபதியா பிங்கலுக்கு ரொட்டி சுட வராது, ஐயா. மேலே கரி, உள்ளே பச்சை மாவு. அதனால் எங்கள் குடிசையில் அடுப்பு வேலை என்னுடையது, பேச்சு வேலை அவனுடையது. பண்ணையின் கடைக்கோடியில் ஆடு மேய்க்கிற இரண்டே பேருக்கு அது நல்ல ஏற்பாடுதான்.

அவனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தொப்பி போடுவான். கேட்டால், "மேல இருக்கறது வெயிலுக்கு மச்சான், கீழ இருக்கறது மரியாதைக்கு" என்பான். கிடாக்களுக்கெல்லாம் பாதிரியார்களின் பெயர். வாயைத் திறந்தால் புளுகுதான், ஆனால் கேட்டவன் எழுந்து போகமாட்டான்.

எனக்குச் சொல்ல ஒரே கதைதான் இருந்தது. காய்ச்சலில் கிடந்தபோது அதை அவனிடம் மட்டும் சொன்னேன். ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் வந்து வண்டி கவிழ்ந்தது. என் மனைவி லெட்டியின் கையைப் பிடித்திருந்தேன். சட்டைக் கை கிழிந்து என்னிடம் தங்கிவிட்டது, அவள் போய்விட்டாள். அவ்வளவுதான். ஒபதியா என் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே அழுதான். அது பொய்யழுகை இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ரோமம் கத்தரிக்க ஆட்கள் வந்தபோது, கொட்டகையில் சாப்பாட்டு வேளையில் அதை எடுத்துவிட்டான். லெட்டி இறகு மெத்தைமேல் உட்கார்ந்து, மடியில் ஒரு கோழியோடு ஆற்றில் போகிறாள். "போறப்பவும் அந்தம்மாவுக்கு வாய் ஓயல. 'இந்தாய்யா சைலஸு, சேத்துக் காலோட வீட்டுக்குள்ள வந்தே, தொலைச்சுப்புடுவேன்'னு திட்டிக்கிட்டே போகுது. கோழி என்னடான்னா மடியிலயே முட்ட போட்டுருச்சு." ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னொருவாட்டி சொல்லுடா," என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னான்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கண்ணை மூடினால் லெட்டியின் முகம் வருவதில்லை. மெத்தையும் கோழியும்தான் வந்தன. ஒபதியாவிடம் சொன்னேன். "செத்துப்போனவள ஊரெல்லாம் உலாத்த விட்டிருக்கேன், சந்தோசப்படுவியா, அத விட்டுட்டு" என்றான். கதை பண்ணை பண்ணையாகப் போயிற்று. வழிப்போக்கன் ஒருவன் என் தேநீரைக் குடித்துக்கொண்டே அதை எனக்கே சொன்னான்.

போன மாதம், காட்டுத்தீப் புகையில் சூரியன் தெரியாத ஒரு நாள், தொலைந்த ஆடுகளைத் தேடி ஒபதியா வடக்குப் புதர்க்காட்டுக்குள் போனான். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீர்ப் பையைக் குடிசையிலேயே மறந்துவிட்டான். அதை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். கொடுக்கத்தான் போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு அடையாளத்துக்குக் கிளைகளை ஒடித்துக்கொண்டே போனேன்.

மதியம் அவன் கூவல் கேட்டது. "கூ...ஈ." வழி தவறினவன் அப்படிக் கூவினால், அதைக் கேட்டவன் பதில் கூவியே தீர வேண்டும். பகையாளியாக இருந்தாலும் கூவுவோம். இந்தக் காட்டில் அதற்கு மிஞ்சின சட்டம் கிடையாது. நானும் கூவினேன். "சைலஸா? அங்கேயே நில்லு மச்சான், வந்துட்டேன்," என்று கத்தினான். நிற்கத்தான் நினைத்தேன். கால் நடந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போய், அங்கிருந்து கூவினேன்.

"ஏண்டா நகர்ந்துக்கிட்டே இருக்கே? கண்ணாமூச்சி ஆடற வயசாடா இது?" என்றான். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மறுநாள் அவன் குரல் கட்டிவிட்டது. பேச்சு நின்று, கூவல் மட்டும் வந்தது. எனக்குத் தாகம் எடுத்தபோது அவன் பையில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். வீணாகக் கூடாதல்லவா.

கூவல் ஓய்ந்ததும் அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தேன். லெட்டி வரவில்லை. கிளை அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

கொலை என்று எழுதப்போகிறீர்கள், உங்கள் விருப்பம். ஆனால் அவன் கூவி நான் பதில் கொடுக்காமல் விட்டது ஒரு தடவைகூட இல்லை, ஐயா. அவன் நிறுத்திய பிறகுதான் நான் நிறுத்தினேன்.